பெருசுகளும் சிறுசுகளும்: மலையூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் இ-சேவை மையம் வைத்திருப்பவனிடம் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை விட நியாயம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வந்த அம்மா மகனைப் பற்றிச் சொல்வார். கொஞ்ச நாளில் அதே மகன் வருமானச் சான்றுக்கு வந்து அம்மாவைப் பற்றிச் சொல்வார். இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு எனக்கென்று ஒரு கணக்கு வந்துவிட்டது. உடம்புக்கு முடியாததை வயசு உரிமையோடு கேட்கலாம். அடுத்தவர் வாழ்க்கையை முடிவு செய்யும் அதிகாரத்தை வயசைக் காட்டிக் கேட்க முடியாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான். சட்டம் இருக்கும் இடத்தில் சட்டம், இல்லாத இடத்தில் என் அபிப்பிராயம்.

வரிசையில் பெரியவர்கள் நேராக முன்னால் போய் நிற்கலாமா?

வங்கியில் கேட்டுப் போகலாம். மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி கவுன்ட்டரோ முன்னுரிமையோ தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவும் அப்போதே சொன்னது. அதனால் மேனேஜரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒன்றும் பேசாமல் நாலு பேரை இடித்துக்கொண்டு பாஸ்புக்கைக் கண்ணாடிக்குள் நீட்டுவதுதான் பிரச்சினை. "தம்பி, கால் வலிக்குது, முன்னாடி போய்க்கட்டுமா?" என்று கேட்டு, மாட்டேன் என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ரேஷன் கடையில் கதை வேறு. வருடக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். பனிக்காலத்தில் தோல் வேறு வெடித்திருக்கும். அந்த அம்மா கட்டைவிரலை வைப்பார், மெஷின் ஏற்காது. முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் உரசிச் சூடேற்றி மறுபடி வைப்பார், மறுபடியும் ஏற்காது. அடுத்து சுட்டுவிரல், அடுத்து இடது கை. பின்னால் நிற்கும் பையன் அப்போது ஒரு 'உச்' கொட்டுவான். அந்த விரல் எப்படித் தேய்ந்தது என்று யோசித்தால் அந்தச் சத்தம் வராது. அவன் வீட்டுப் பாட்டியின் விரலும் அப்படித்தான் இருக்கும்.

வர முடியாதவர்கள் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் இருக்கிறது. முதியோருக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று கடையிலேயே விசாரியுங்கள்.

பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் செல்லுமா?

செல்லாது. மேட்டுப்பாளையத்தில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ மஞ்சப் பையையோ எறிந்துவிட்டு, பின்னால் மெதுவாக ஏறி வந்து "இது நான் போட்ட இடம்" என்பது பெரியவர்களின் தனி உரிமை இல்லை. எல்லா வயசுக்காரர்களும் செய்கிற அட்டூழியம் அது. ஆனால் பெரியவர் போட்ட துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தால் மட்டும் அதற்கு 'மரியாதை தெரியாத தலைமுறை' என்று பெயர் வந்துவிடுகிறது.

முதியோர் என்று எழுதியிருக்கும் சீட் முதியோருக்குத்தான். அதில் இளவட்டம் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்குவது போல நடிப்பது அசிங்கம். மற்ற சீட்டுகளில் எழுந்து இடம் கொடுப்பது உங்கள் பண்பு, அதை அதட்டிக் கேட்பது சரியில்லை. மலைப்பாதையில் இன்னொன்றும் இருக்கிறது. வளைவில் வளைவில் குமட்டும் சின்னப் பெண்ணுக்கு ஜன்னலோரம் வேண்டும், எழுபது வயசுக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். யாருக்கு எது தேவையோ அதைப் பார்த்து மாற்றி உட்கார்ந்தால் போதும், ஆதார் கார்டை எடுத்துப் பிறந்த தேதி பார்க்க வேண்டாம்.

அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் முதியோருக்கு டிக்கெட்டில் சலுகை உண்டுதானே?

இந்த ஒரு விஷயத்துக்காகக் கண்டக்டரிடம் நடக்கும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல. 60 கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் என்பது சென்னை மாநகர பஸ்ஸில். கோத்தகிரி பஸ்ஸில் அதைக் கேட்டுப் பயனில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியபோது மலை பஸ்கள் அதில் வரவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் அதை நீட்டிக்கப் போவதாக 2024-25 பட்ஜெட்டில்தான் அறிவித்தார்கள். அது வயசைப் பார்த்துத் தருவதில்லை, பாட்டிக்கும் உண்டு, பேத்திக்கும் உண்டு. தாத்தாவுக்கு இல்லை.

ரயிலில் 60 கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவோடு போனது. கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் பெண் அந்தச் சலுகையை ரத்து செய்யவில்லை, அவரைத் திட்டாதீர்கள்.

அறுபது வயசுக்காரரைத் தாத்தா என்று கூப்பிடலாமா?

அவர் உங்கள் தாத்தாவாக இருந்தால் கூப்பிடலாம். இல்லாவிட்டால் ஐயா, அண்ணா. பெண்களுக்கு அம்மா, அக்கா. ஆன்ட்டி என்பதை உங்கள் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்ளுங்கள்.

பெரியவர்கள் எங்களை 'டா' போட்டுப் பேசுகிறார்கள். நாங்களும் பதிலுக்குப் பேசலாமா?

வேண்டாம். ஆனால் சகித்துக்கொள்ளவும் வேண்டாம். கீழே கோவைப் பக்கம் பேரனையே "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறார்கள், அதனால் எந்தப் பாட்டிக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. இங்கே என் கடைக்கு வரும் சிலர், டேட்டா என்ட்ரி செய்யும் பெண்ணை "ஏய் பொண்ணு, இதை அடிச்சுக் குடு" என்பார்கள். அவள் எம்.காம். முடித்தவள், இரண்டு குழந்தைக்குத் தாய். அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, "சொல்லுங்க ஐயா, உங்க பேரு?" என்பாள். பத்தில் எட்டுப் பேர் அடுத்த வாக்கியத்திலேயே "எழுதிக்கம்மா" என்று இறங்கிவிடுவார்கள். மீதி இரண்டு பேருக்கு டோக்கன் நம்பர் வரும்வரை பெஞ்சு இருக்கிறது.

படகர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் பெரியவர்கள் முன் தலை குனிய வேண்டுமா?

ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், இளையவர் தலை குனிய, மூத்தவர் வலது கையை அந்தத் தலைமேல் வைத்து வாழ்த்துவது வழக்கம். வெளியிலிருந்து போகிறவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, வணக்கம் சொன்னால் போதும். எனக்கு அந்த வழக்கத்தில் பிடித்தது, அதில் இரண்டு பேருக்கும் வேலை இருப்பதுதான். குனிந்த தலையைத் தொட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் பெரியவர் நகர முடியாது. வாங்கிக்கொள்வதற்கு மட்டும் அங்கே யாரும் நிற்பதில்லை.

"நாங்க உன் வயசுல வீடே கட்டிட்டோம்" என்று தினம் குத்திக் காட்டுகிறார்கள். என்ன சொல்வது?

எப்போது கட்டினார்கள் என்று கேளுங்கள். நீலகிரியில் சிறு விவசாயிகளின் கான்கிரீட் வீடுகளில் நிறைய, பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த 1990களின் பிற்பாதியில் எழும்பியவை. 2000 வாக்கில் விலை சரிந்தது. அரை ஏக்கர் தேயிலையை நம்பி வீடு கட்டலாம் என்ற எண்ணமே அதோடு போனது. அவர்கள் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. உழைப்போடு விலையும் சேர்ந்து வந்த காலம் அவர்களுக்குக் கிடைத்தது. உங்களுக்கு உழைப்பு இருக்கிறது, விலை இல்லை. அதனால்தான் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிறீர்கள்.

ஆனால் எல்லாப் பெரியவர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரியில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு அரசாங்கங்கள் முடிவு செய்தன, போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. பிறந்த தோட்டத்தை விட்டு, மண்டபம் முகாம் வழியாக, பார்த்தே இராத 'தாயகத்துக்கு' வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் டான்டீ. அந்த லைன் வீட்டில் ஒரு பாட்டி "நாங்க பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியாது" என்றால் அது குத்திக் காட்டுவது இல்லை, உண்மை. போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், யார் கூட வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். குடியுரிமைத் தாளும் குடும்ப அட்டையும் தகரப் பெட்டியில் இருக்கும், அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள். சாதிச் சான்றுக்கு அலையும்போது உதவும் (இது கடைக்காரனாகச் சொல்வது).

"ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதே" என்பது அக்கறையா, அதிகாரமா?

இந்த ஊரில் பாதி அக்கறை. இருட்டினால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், ஒற்றையடிப் பாதையில் கரடி வரும். எந்தத் திருப்பத்தில் நிற்கும், எந்த மாதம் பழத்துக்கு இறங்கும் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே கட்டளை அண்ணனுக்கும் உண்டா என்று பாருங்கள். தங்கையை மட்டும் வீட்டுக்குள் வைத்துவிட்டு அண்ணன் ஒன்பது மணிக்கு டீக்கடையில் நின்றால், அங்கே கரடி ஒரு சாக்கு.

கல்யாண விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்குக் கட்டுப்பட வேண்டுமா?

ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகியிருந்தால் முடிவு அந்த இருவருடையது. யோசனை சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. தண்டம் போட, ஊரை விட்டு ஒதுக்க, வீட்டுக்குள் பூட்ட யாருக்கும் கிடையாது. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசுக்குப் போங்கள். இந்த ஒரு கேள்வியில் நான் பெரியவர்கள் பக்கம் ஒரு அடி கூட வைக்க மாட்டேன்.

பிள்ளைகள் கவனிக்கவில்லை. சட்டப்படி என்ன கேட்கலாம்?

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்குத்தான். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். கோத்தகிரி, குன்னூர் தாலுகாக்காரர்கள் குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகம், உதகை, குந்தா தாலுகா உதகைக்கு, கூடலூர், பந்தலூர் தாலுகா கூடலூருக்கு. வெள்ளைத்தாளில் மனு எழுதினால் போதும். இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு வக்கீலை வேண்டாம் என்கிறது, நீங்களே பேசலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். தீர்ப்பு சரியில்லை என்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

பெற்றோர் கேட்பதாக இருந்தால் 60 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி என்று சட்டத்தின் பட்டியல் போகிறது. மகள்களுக்கும் கடமை உண்டு. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. "மருமக சோறு போடல" என்று எழுதி வரும் மனுக்களை நான் "மகன் சோறு போடல" என்று திருத்தச் சொல்கிறேன். பெரும்பாலும் அதுதான் உண்மையும் கூட.

பெரியவர்களை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவசரத்துக்கு 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி எண் இருக்கிறது.

நிலத்தை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்க முடியுமா?

எப்படி எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்து செய்ய வழி தருகிறது. சட்டம் அமலுக்கு வந்த பின் எழுதிய பத்திரமாக இருக்க வேண்டும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோருக்குச் சாதகமாகவே இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொன்னது. ஆக, இனிமேல் எழுதுகிறவர்கள் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி, தான செட்டில்மென்டில் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். "சொந்தப் பிள்ளைகிட்டயே கண்டிஷனா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் என் கடையில் நடக்கிறது. "எழுதி வைக்க மாட்டேன்" என்ற மிரட்டலை வைத்து ஐம்பது வயசு மகனை ஆட்டிப் படைக்கும் அப்பாக்கள் உண்டு. சுய சம்பாத்தியமாக இருந்தால் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் இல்லை. அதில் மகளுக்கும் சம பங்கு. தமிழ்நாடு 1989-லேயே அந்த வழியைத் திறந்தது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. "பொண்ணுக்கு நகை போட்டாச்சு" என்பது பங்குக்கு ஈடாகாது.

இன்னொன்று. மகன் மேலுள்ள கோபத்தில் மருமகளை வெளியேற்ற இந்தச் சட்டத்தைக் கருவியாக எடுக்கக் கூடாது. குடும்ப வன்முறைச் சட்டப்படி அவளுக்குள்ள குடியிருக்கும் உரிமையை இதைக் காட்டிப் பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

முதியோர் உதவித்தொகையை மகனே எடுத்துக்கொள்கிறான். கேட்டால் "வீட்டுச் செலவுக்கு" என்கிறான்.

மாதம் 1,200 ரூபாய். 2023-ல்தான் ஆயிரத்திலிருந்து உயர்த்தினார்கள். அந்த அம்மாவுக்கு அது வெற்றிலை, மாத்திரை, பேரனுக்கு ஒரு பாக்கெட் வர்க்கி. ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வாங்குகிறார் என்று அர்த்தம். கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின் நம்பரை மாற்றுங்கள்.

பெரியவர் ஒருவர் வர வர எரிந்து விழுகிறார். வயசானால் அப்படித்தானா?

'அப்படித்தான்' என்று விடாதீர்கள். காது மந்தமானவர் சத்தமாகப் பேசுவார், நீங்கள் சொன்னது கேட்காததால் உங்களை மதிக்காதவர் போலத் தெரிவார். முதலில் காதைப் பரிசோதியுங்கள். பொறுமையான மனிதர் சில வருடங்களில் கூச்சமில்லாமல் பேசவும் திட்டவும் ஆரம்பித்தால் அது மறதி நோயின் ஒரு வகையாக இருக்கலாம். சில வகைகளில் ஞாபகம் போவதற்கு முன் சுபாவம்தான் மாறும். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்றாகவோ மாத்திரைக் கோளாறாகவோ இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். வரும்போது இந்த மாற்றத்தையும் அவரிடம் சொல்லிவையுங்கள். நாற்பது வயசிலிருந்தே இப்படித்தான் என்றால், அது நோய் இல்லை, குணம். அதற்கு மாத்திரை கிடையாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 'பூமர்' என்று சொன்னதற்கு அப்பா அடிக்க வந்துவிட்டார்.

குழுவில் திருத்தாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முப்பது பேர் முன்னால் தோற்க எந்த வயசுக்காரருக்கும் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது. பூமர் என்று சொல்வதால் அவர் ஃபார்வர்டு செய்வதை நிறுத்தப் போவதில்லை. அப்பா அடிக்க வந்ததும் தப்புதான். அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

அம்மா மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். நாங்கள் கோவையில் இருக்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பிடிவாதம்தானே?

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. அம்மாவுக்குத் துணை வேண்டும் என்று கூப்பிடுகிறீர்களா, பிள்ளைக்கு ஆயா வேண்டும் என்றா? இரண்டாவது என்றால் நேராகச் சொல்லுங்கள், சம்மதித்தால் வரட்டும். பாட்டி என்றால் சும்மா கிடைக்கும் ஆள் என்று நினைப்பதும் ஒரு அதிகாரம்தான், இளையவர்களின் அதிகாரம். இங்கே அவருக்கு ஒரு வாசல், நாலு பீன்ஸ் கொடி, கூப்பிட்டால் ஓடி வரும் பக்கத்து வீடு. அங்கே மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது மட்டும் இறங்கி வரச் சொல்லிப் பாருங்கள். மூட்டு வலிக்காரர்கள் பலர் அதற்குச் சரி என்பார்கள். திரும்பி வரும் பஸ் டிக்கெட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாத்திரைச் சீட்டையும் ஆதாரையும் பையில் வைக்க மறக்காதீர்கள். கோவை ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.